பொது அமைப்புகளுக்கு ஆட்பெயர் சூட்டுதல் (தமிழ்நாடு)

பொது அமைப்புகளுக்கு ஆட்பெயர் சூட்டுதல் என்பது அரசு அல்லது பொதுமக்களின் பணத்தால் உருவான கட்டடம், சாலை, பேருந்து நிலையம், பல்கலைக்கழகம், மாவட்டம் போன்றவற்றை ஒரு மனிதரின் பெயரால் அழைக்கும் வழக்கம் ஆகும். உலகின் எல்லா நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் இது அரசியல், சாதி, மொழியுணர்வு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்துள்ளது. ஒரு பெயரைச் சூட்டுபவர்கள் அம்மனிதரின் பணியைக் குறித்து ஒரு தீர்ப்பை எழுதுகிறார்கள். பின்வரும் தலைமுறை அத்தீர்ப்பை ஏற்கலாம், மாற்றலாம், அல்லது பெயர்ப்பலகையைப் பார்க்காமலேயே கடந்து போகலாம். இம்மூன்றும் தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளன. நான்காவதாக, எவர் பெயரும் வேண்டாம் என்று எல்லாப் பெயர்களையும் ஒரே நேரத்தில் நீக்கிய நிகழ்வும் 1997 இல் நடந்துள்ளது.

வேங்கிக்காலும் சம்புவராயர் மாவட்டமும்

வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டி வேலூர் சாலையில் அமைந்துள்ள ஊர். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குதான் உள்ளது. 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இம்மாவட்டம் உருவானது. வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும், திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட பகுதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும் பெயர் பெற்றன.

சம்புவராயர்கள் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு வடதமிழகத்தின் ஒரு பகுதியை ஆண்ட மரபினர். படைவீடு இன்றும் இம்மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். தொடக்கத்தில் சோழப் பேரரசின் கீழ்ச் சிற்றரசர்களாக இருந்த இவர்கள், சோழர் வலிமை குன்றிய பின் தனியாட்சி நடத்தினர். 14 ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பால் இவ்வாட்சி முடிவுற்றது. ஆகவே 1989 இல் சூட்டப்பட்ட பெயர் மண்ணோடு தொடர்புடைய பெயர்தான். எனினும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அது நிலைக்கவில்லை. 1997 இல் மாநிலம் முழுவதும் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த ஆட்பெயர்கள் நீக்கப்பட்டபோது இதுவும் நீங்கி, மாவட்டம் திருவண்ணாமலை மாவட்டம் என்று மட்டும் ஆனது. நீக்கத்துக்குக் காரணமான கலவரம் நிகழ்ந்ததோ பல நூறு கிலோமீட்டர் தெற்கே, விருதுநகர் பகுதியில். சம்புவராயருக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை.

கோபுரங்களின் பெயர்கள்

இதே ஊரில் அரசாணை எதுவும் இல்லாமல் நூற்றாண்டுகளாக நிலைத்துள்ள பெயர்களும் உள்ளன. அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்களுள் ஒன்று வல்லாள மகாராசா கோபுரம் எனப்படுகிறது. இது போசள அரசர் மூன்றாம் வீர வல்லாளரின் பெயர். இவர் தமிழ் மரபைச் சேர்ந்தவர் அல்லர். கருநாடகத்தில் இருந்த தம் தலைநகரமான துவாரசமுத்திரம் தில்லி சுல்தான்களின் படைகளால் தாக்கப்பட்ட பின், தம் ஆட்சியின் பிற்பகுதியில் திருவண்ணாமலையை உறைவிடமாகக் கொண்டார். 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானியத்துடன் நிகழ்ந்த போரில் கொல்லப்பட்டார். பிள்ளையில்லாத அவருக்கு இறைவனே மகனாக வந்தார் என்பது தலபுராணக் கதை. அதனால் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது.

சம்புவராயரும் வல்லாளரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். உள்ளூர் மரபினரின் பெயர் அரசிதழில் ஏறி எட்டு ஆண்டுகளில் இறங்கியது. வேற்று நாட்டிலிருந்து வந்த அரசரின் பெயர் ஆண்டுக்கொருமுறை நடக்கும் சடங்கால் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் நிலைத்துள்ளது.

வடக்குக் கோபுரத்தின் பெயர் இன்னும் சுவையானது. அது அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் அருகே சென்னசமுத்திரத்தைச் சேர்ந்த அம்மணி அம்மாள் என்ற துறவி, முற்றுப்பெறாமல் கிடந்த அக்கோபுரத்தை மக்களிடம் நன்கொடை பெற்றுக் கட்டி முடித்தார் என்று மரபு கூறுகிறது. அவர் அரசியும் அல்லர், அரசின் ஆதரவு பெற்றவரும் அல்லர். மாறாக, கிழக்கே 217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்ட பெருங்கோபுரத்தைத் தொடங்கியவர் விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர், முடித்தவர் தஞ்சை நாயக்க மன்னர் சேவப்ப நாயக்கர். ஆனால் மக்கள் அதை இராசகோபுரம் என்ற பொதுப்பெயராலேயே அழைக்கின்றனர்.

போக்குவரத்துக் கழகங்களும் மாவட்டங்களும்

தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டு 1970களில் தனித்தனிக் கழகங்கள் உருவானபோது அவற்றிற்குப் பழைய அரச மரபுகளின் பெயர்கள் இடப்பட்டன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோவைக்குச் சேரன் என்பன அவை. அரச மரபின் பெயர் எந்த ஒரு சாதிக்கோ கட்சிக்கோ உரியதன்று என்ற எண்ணம் அப்போது பொதுவாக இருந்தது. பின்னர் கழகங்கள் பிரிக்கப்பட்டுப் பெருகியபோது தலைவர்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள், புலவர்கள் ஆகியோரின் பெயர்கள் வரத் தொடங்கின. திருநெல்வேலியில் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார், வேலூரில் பட்டுக்கோட்டை அழகிரி, காரைக்குடியில் மருது பாண்டியர், நாகர்கோவிலில் நேசமணி, திருச்சியில் தீரன் சின்னமலை எனப் பேருந்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர்கள் எழுதப்பட்டன.

மாவட்டங்களும் இவ்வழியே சென்றன. 1979 இல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டுப் பகுதி பெரியார் மாவட்டம் ஆனது. 1980களில் விருதுநகர் காமராசர் மாவட்டமாகவும், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டமாகவும், தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டமாகவும் விளங்கின. கட்சி எதுவாயினும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஒரு பெயர் சூட்டப்பட்டால் அதற்கு இணையாக வேறொரு பிரிவினர் தம் முன்னோரின் பெயரைக் கேட்டனர். அரசுகளும் கொடுத்தன. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கொடுப்பதைவிடப் பெயரைக் கொடுப்பது எளிது, செலவும் குறைவு.

1997 நிகழ்வுகள்

1997 ஆம் ஆண்டு மே மாதத்தில், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. சுந்தரலிங்கம், வீரபாண்டிய கட்டபொம்மனின் படைத்தளபதிகளுள் ஒருவர். கவர்னகிரியைச் சேர்ந்தவர். 1799 இல் ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்கும் முயற்சியில் உயிர்நீத்ததாக மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. அவர் ஒடுக்கப்பட்ட சாதியினரான தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர்.

கட்டபொம்மன் பெயர் தாங்கிய பேருந்துகள் அதே தென்மாவட்டங்களில் பல ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஓடின. அவருடைய தளபதியின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினரில் ஒரு பகுதியினர் அறிவித்தனர். அப்பகுதியில் சாதிப் பதற்றம் முன்பே நிலவியது. 1995 இல் தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் காவல்துறையினர் நடத்திய தாக்குதலின் காயம் ஆறாத காலம் அது. பெயர் சூட்டலைத் தொடர்ந்து இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கலவரம் மூண்டது. பேருந்துகள் தாக்கப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின.

அப்போது மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு ஆட்சியில் இருந்தது. அவ்வரசு 1997 சூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் ஆட்பெயர்களை நீக்கியது. கழகங்கள் யாவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயரின் கீழ் வந்து, தலைமையிட ஊரின் பெயரால் வேறுபடுத்தப்பட்டன. சென்னையின் பல்லவன், மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. தொலைதூரப் பேருந்துகளை இயக்கிய திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. மாவட்டங்கள் தத்தம் தலைநகரின் பெயரைப் பெற்றன. ஈரோட்டில் பிறந்த பெரியாரின் பெயர் ஈரோட்டிலிருந்தும், விருதுநகரில் பிறந்த காமராசரின் பெயர் விருதுநகரிலிருந்தும் நீங்கின.

இம்முடிவைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. உயிர்ச்சேதத்தை நிறுத்த வேறு விரைவான வழி இருக்கவில்லை என்றும், ஒருவர் பெயரை மட்டும் நீக்கியிருந்தால் அது பெரும் அநீதியாக இருந்திருக்கும் என்றும் ஆதரிப்போர் கூறுவர். எதிர்ப்போரின் வாதம் வேறானது. காமராசர், அம்பேத்கர், பெரியார், வ.உ.சி. ஆகியோரின் பெயர்கள் இருந்தவரை சிக்கல் எழவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்து வீரர் ஒருவரின் பெயர் அவ்வரிசையில் இடம்பெற்ற உடனே வரிசையே கலைக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் நடவடிக்கையின் சுமை உண்மையில் ஒரு பெயரின் மீதே விழுந்தது. மற்றவர்களின் பெயர்கள் சாலைகளிலும் கல்லூரிகளிலும் வேறு நூறு இடங்களிலும் தொடர்ந்தன. சுந்தரலிங்கத்துக்கு அவ்வளவு இடங்கள் இருக்கவில்லை. இவ்வாதத்தை எளிதில் மறுக்க இயலாது.

நீக்கம் முழுமையானதும் அன்று. பல்கலைக்கழகங்களுக்கு அது பொருந்தவில்லை. பாரதியார், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் ஆகியோர் பெயரிலான பல்கலைக்கழகங்கள் அப்படியே தொடர்ந்தன. அதே 1997 இல், நீக்கம் நிகழ்ந்து இரண்டரை மாதங்கள் கடப்பதற்குள், செப்டம்பர் 17 அன்று சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நடுவண் அரசின் கீழ் உள்ள தொடர்வண்டிகளுக்கும் இவ்வாணை பொருந்தாது என்பதால் பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் விரைவு வண்டிகள் பெயர் மாறாமல் ஓடுகின்றன. சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகமும் பல்லவன் சாலையில் பல்லவன் இல்லம் என்ற பெயரிலேயே உள்ளது.

பிற மாநிலங்களில் இதையொத்த நிகழ்வுகள்

மகாராட்டிரத்தின் ஔரங்காபாத்தில் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்ட 1978 இல் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. உடனே மராத்வாடா பகுதியில் தலித் மக்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அரசு தீர்மானத்தைச் செயற்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. பதினாறு ஆண்டுகள் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1994 சனவரி 14 அன்று டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றாக நிற்கின்றன.

ஆந்திரப் பிரதேசத்தில் 2022 இல் புதிதாக உருவான கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சேர்க்க அரசு அறிவித்தபோது, மே 24 அன்று அமலாபுரத்தில் வன்முறை வெடித்தது. அமைச்சர் ஒருவரின் வீடும் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடும் தீக்கிரையாயின. அரசு பின்வாங்கவில்லை. அவ்வாண்டிலேயே டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் கோனசீமா மாவட்டம் என்ற பெயர் உறுதி செய்யப்பட்டது.

ஆக, ஏறத்தாழ ஒரே வகைச் சிக்கலில் மகாராட்டிரம் காத்திருந்தது, ஆந்திரம் உறுதியாக நின்றது, தமிழ்நாடு அனைத்தையும் துடைத்தது. மூன்றிலும் எதிர்ப்பாளர்கள் அம்மனிதரின் வாழ்க்கையை ஆராய்ந்து குறை கண்டு எதிர்த்தார்கள் எனக் கொள்ள முடியாது. எதிர்க்கப்பட்டது அவருடைய பிறப்பு.

குடியேற்றக் காலப் பெயர்கள்

மனிதரின் செயலைப் பார்த்துத் தீர்ப்பு வழங்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டுகள் ஆங்கிலேயர் காலத்துச் சின்னங்களில் கிடைக்கின்றன. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடும் அடக்குமுறையை நடத்திய சென்னைப் படைப்பிரிவின் அதிகாரி சேம்சு நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைக்கப்பட்டிருந்தது. அதை அகற்றக் கோரி 1927 இல் காங்கிரசுத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறை சென்றனர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1937 இல் இராசாசி தலைமையிலான அரசு பதவியேற்றதும் சிலை அகற்றப்பட்டது. பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அழிக்கப்படாமல், போற்றும் இடத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு மாற்றப்பட்டது.

ஆனால் அதே நகரில் ஆளுநர் தாமசு மன்றோவின் குதிரை மீதமர்ந்த சிலை இன்றும் நிற்கிறது. மாநகராட்சி அலுவலகம் இன்றும் ரிப்பன் மாளிகைதான். 1913 இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், இந்தியாவில் உள்ளாட்சி முறைக்கு 1882 இல் வித்திட்ட தலைமை ஆளுநர் ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. வெள்ளையர் என்பதற்காக எல்லாப் பெயர்களையும் நீக்க வேண்டும் என்று தமிழர்கள் கருதவில்லை என்பது இதனால் தெரிகிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இப்பொறியாளரைத் தேனி, மதுரை மாவட்ட உழவர்கள் குலதெய்வம் போல் போற்றுகின்றனர். 1895 இல் திறக்கப்பட்ட அவ்வணையின் நீரால் விளையும் வயல்களே அதற்குக் காரணம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுவோரும் உண்டு. லோயர் கேம்பில் 2013 இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகிறது. அணைக்குப் பணம் போதாமல் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்துகளை விற்றார் என்று மக்களிடையே வழங்கும் செய்திக்கு ஆவணச் சான்று இல்லை என ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஆயினும் அணை இருக்கிறது.

2021 இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்காகத் தேர்வு செய்யப்பட்ட இடத்தில் இருந்த பழைய பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று கூறி எதிர்ப்பு எழுந்தது. அவர் 1911 இல் மறைந்தார் என்பதையும் கட்டடம் அதன் பிறகே கட்டப்பட்டது என்பதையும் அரசுத் தரப்பு எடுத்துக் காட்டியது. நூலகம் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்டது. இரு பெயர்கள் ஒரே மனையில் மோதிய நிகழ்வு இது.

யேல் குழுவின் நான்கு கேள்விகள்

பெயர் நீக்கத்துக்கு முறையான அளவுகோல் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் விடை தேட முயன்றது. அப்பல்கலைக்கழகத்தின் பெயரே சென்னையோடு தொடர்புடையது. எலிகு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். தம் சொந்த வணிகத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளால் பதவியிழந்தார். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். பின்னாளில் அவர் அனுப்பிய நூல்களையும் துணி முதலிய பொருட்களையும் பெற்றுக்கொண்ட ஒரு சிறு கல்லூரி, பொருட்களை விற்றுக் கட்டடம் எழுப்பி, 1718 இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

அங்கு அடிமைமுறையின் தீவிர ஆதரவாளரான ஜான் கால்கூன் பெயரில் இருந்த விடுதிக் கல்லூரி குறித்து எழுந்த எதிர்ப்பால் 2016 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு பெயரை நீக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று அக்குழு கூறியது. அம்மனிதர் விட்டுச் சென்ற முதன்மையான மரபு நிறுவனத்தின் நோக்கத்துக்கு அடிப்படையில் முரணானதா? அவர் வாழ்ந்த காலத்திலேயே அது எதிர்க்கப்பட்டதா? பெயர் சூட்டியவர்கள் அந்த முரணான காரணத்துக்காகவே சூட்டினார்களா? அக்கட்டடம் மக்கள் ஒன்றுகூடி வாழும் இடமா? இவற்றின் அடிப்படையில் 2017 இல் கால்கூன் பெயர் நீக்கப்பட்டு, கணினி அறிவியலாளர் கிரேசு ஆப்பரின் பெயர் சூட்டப்பட்டது. யேல் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024 இல் மன்னிப்புக் கேட்டது.

இக்கேள்விகளைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால் நீல் சிலை மூன்றாவது கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. 1857 இல் செய்தவற்றுக்காகவே அச்சிலை வைக்கப்பட்டது. ரிப்பன் மாளிகை நான்கிலும் தேறும். சுந்தரலிங்கத்தின் பெயரிலும் சம்புவராயரின் பெயரிலும் இக்கேள்விகள் எழவே இடமில்லை. எவரும் கேட்காமலேயே அவை நீக்கப்பட்டன.

நாடு விட்டு நாடு சென்றால் தீர்ப்பும் மாறும் என்பதற்குக் கானா ஒரு சான்று. அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016 இல் நிறுவப்பட்ட காந்தி சிலை, தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் அவர் ஆப்பிரிக்கர்களைக் குறித்து எழுதியவற்றைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் 2018 இல் அகற்றப்பட்டது.

ஆட்சி மாற்றமும் பேச்சு வழக்கும்

தமிழ்நாட்டில் பெயரைவிடக் கட்டடத்தின் பயனே ஆட்சியோடு மாறியதும் உண்டு. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகம், 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் கைவிடப்பட்டு 2014 இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. 2010 இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு 2011 இல் வந்தது. உயர்நீதிமன்றத் தடையால் நூலகம் தப்பியது.

அரசாணையில் உள்ள பெயரை மக்கள் வாய் ஏற்பதும் இல்லை. 2019 இல் சென்னை சென்ட்ரல் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயர் சூட்டப்பட்டது. 2018 இல் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குச் செயலலிதாவின் பெயர் சூட்டப்பட்டது. பயணிகளுக்கு அவை இன்றும் சென்ட்ரலும் கோயம்பேடும்தான். பெயர் நீளமானால் பேச்சு வழக்கு அதை ஏற்காது என்பது இதன் ஒரு காரணம்.

சாதிப் பின்னொட்டு

ஆட்பெயரோடு ஒட்டிவரும் சாதிப் பட்டம் தனிச்சிக்கல். எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில், 1970களின் இறுதியில், தெருப்பெயர்ப் பலகைகளில் இருந்து சாதிப் பட்டங்களை நீக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 2025 அக்டோபரில் தெருக்கள், ஊர்கள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப்பெயர்களை மாற்ற மீண்டும் அரசாணை வெளியானது. அடுத்த சில நாட்களில், அக்டோபர் 9 அன்று, கோவை அவினாசி சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அறிவியல் ஆர்வலரும் தொழில் முன்னோடியுமான அவரை வெறும் ஜி.டி. என்று எழுதினால் யாருக்கும் விளங்காது என்ற வாதமும், அரசு தன் ஆணையைத் தானே மீறியது என்ற வாதமும் எழுந்தன. இவ்விடத்தில் ஓமந்தூரார் தோட்டத்தின் பெயர் நினைக்கத்தக்கது. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியாரை ஊர்ப்பெயரால் ஓமந்தூரார் என்று அழைத்த பழைய வழக்கம், அச்சிக்கலை எழாமலே செய்துவிட்டது.

யாழ்ப்பாணம்

எவரும் குறை காணாத ஒருவரின் பெயரும் வருத்தத்தை உண்டாக்கலாம். இந்திய அரசின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் கட்டப்பட்ட பண்பாட்டு மையத்துக்கு 2025 சனவரியில் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் என்ற பெயர் சூட்டப்பட்டது. திருவள்ளுவரை ஈழத்தமிழர் எவரும் எதிர்க்கவில்லை. பெயரிலிருந்து யாழ்ப்பாணம் நீங்கியதையே எதிர்த்தனர். 1981 இல் நூலகம் எரிக்கப்பட்ட நகரில், ஊரின் பெயர் பலகையிலிருந்து மறைவது வேறு பொருள் தரும். சில நாட்களில் யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் எனப் பெயர் திருத்தப்பட்டது.

விதிமுறைகளும் வேங்கிக்கால் சிலையும்

இந்திய நடுவண் உள்துறை அமைச்சகம் 1953 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வரலாற்றுத் தொடர்புள்ள ஊர்ப்பெயர்களை இயன்றவரை மாற்றக்கூடாது என்றும், தலைவர்களுக்கு மரியாதை செய்வதற்காக மட்டும் ஊர்களுக்கு அவர்கள் பெயரை இடக்கூடாது என்றும் கூறுகிறது. கட்டடங்களுக்கு இது பொருந்தாது. சிலைகளைப் பொறுத்தவரை, பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க மாநில அரசுகள் இசைவளிக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2013 சனவரி 18 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன் பின் பல சிலைகள் தனியார் நிலங்களில், ஆனால் சாலையை நோக்கியவாறு, எழுந்தன.

அவ்வாறான வழக்கு ஒன்று வேங்கிக்காலிலேயே நடந்தது. கிரிவலப் பாதைக்கு அருகே, ஓர் அறக்கட்டளை தனக்குரியதாகக் கூறிய சிறு மனையில் மு. கருணாநிதிக்குச் சிலை அமைக்க ஏற்பாடு நடந்தபோது, பொது இடம் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளதாகவும் முழுநிலவு நாட்களில் வலம் வரும் பக்தர்களுக்கு இடையூறாகும் என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2022 மே மாதத்தில் பணிகளை நிறுத்தி வைத்த நீதிமன்றம், பின்னர் அத்தடையை விலக்கியது. அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 சூலை 8 அன்று சிலையைத் திறந்து வைத்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் காய்கறிச் சந்தையின் நுழைவாயில் அருகே அதே தலைவருக்கு அரசுச் செலவில் சிலை வைக்க இசைவு கோரியபோது விளைவு வேறாக இருந்தது. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், முன்னாள் தலைவர்களைப் போற்றப் பொதுப்பணத்தைச் செலவிடுவது ஏன் எனக் கேட்டு மாநில அரசின் மனுவை ஏற்க மறுத்தது. வேங்கிக்காலில் நிலம் தனியாருடையது எனக் காட்டப்பட்டது. வள்ளியூரில் நிலமும் பணமும் பொதுமக்களுடையவை.